கரடிகள் வாழும் மலையில் ஓர் இரவு: யோசெமிட்டி பேக்பேக்கிங் முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து காரில் நான்கைந்து மணி நேரம். பகலில் அருவியும் பாறையும் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சாலையையும் விடுதியையும் விட்டு விலகி, வீட்டையே முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்து, காட்டுக்குள் ஓர் இரவு தங்கி வருவது வேறு கணக்கு. அதற்கான திட்டத்தை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

முதலில் கரடியைப் பற்றி. யோசெமிட்டியில் 300 முதல் 500 கருங்கரடிகள் இருப்பதாகப் பூங்கா நிர்வாகம் மதிப்பிடுகிறது. பெயர்தான் கருங்கரடி, இங்கு பெரும்பாலானவை பழுப்பு நிறத்தில் இருக்கும். பழுப்பாக இருப்பதால் அது கிரிஸ்லி என்ற பெரிய, ஆபத்தான பழுப்புக் கரடி என்று பயப்பட வேண்டாம். கலிஃபோர்னியாவின் கொடியில் இன்றும் கிரிஸ்லி இருக்கிறது, ஆனால் மாநிலத்தின் கடைசி கிரிஸ்லி 1920-களிலேயே போய்விட்டது.

ஊரில் நாம் கேட்டு வளர்ந்த கரடிக் கதைகள் வேறொரு விலங்கைப் பற்றியவை. முதுமலையிலும் களக்காட்டிலும் இருப்பது தேன்கரடி. எதிர்பாராமல் கிட்டத்தில் மனிதரைக் கண்டால் தப்பி ஓடுவதைவிடப் பாய்ந்து தாக்குவதே அதன் சுபாவம். அமெரிக்கக் கருங்கரடி பொதுவாகச் சத்தத்துக்குப் பயந்து விலகும். மரமேறித் தப்பிக்கப் பார்க்கும். அது முகாமுக்கு வருவது உங்களைத் தேடி அல்ல, உங்கள் சாப்பாட்டைத் தேடி. நீலகிரியில் விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவைக் கரடி உடைத்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்த மூக்குதான் இங்கும். யோசெமிட்டியில் 1998-ம் ஆண்டு மட்டும் கரடிகளால் ஏறத்தாழ 1,600 சம்பவங்கள் பதிவாயின, பெரும்பாலும் உணவு வைத்த கார்களை உடைத்தவை. அதன் பிறகு உணவு லாக்கர்களும், உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில் (கேனிஸ்டர்) வைக்கும் விதியும் இறுக்கப்பட்டதால் அந்த எண்ணிக்கை மிகப் பெரிய அளவில் சரிந்தது.

மனித உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விடும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். உங்கள் பையிலிருந்து போகும் ஒரு பொட்டலம் மிக்சருக்கு ஓர் உயிர் விலையாகலாம். இந்த வழிகாட்டி முழுவதும் சாப்பாட்டுப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் அதுதான்.

படி 1: பாதையும் மாதமும்

முதல் முறைக்கு நாங்கள் பரிந்துரைப்பது பூங்காவின் உயரமான புல்வெளிப் பகுதியான துவாலமி மெடோஸிலிருந்து க்ளென் ஆலின் முகாம் வரை போய் அதே வழியில் திரும்புவது. ஒரு வழிக்குச் சுமார் 6 மைல். தொடங்கும் இடம் ஏறக்குறைய 8,600 அடி உயரம், க்ளென் ஆலின் சுமார் 7,900 அடி. ஆகவே போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். பசிஃபிக் க்ரெஸ்ட் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையின் ஒரு பகுதியான இந்தப் பாதை சோடா ஸ்பிரிங்ஸ் ஊற்றைக் கடந்து, பெரும்பாலும் துவாலமி ஆற்றை ஒட்டிப் போய், ஒயிட் கேஸ்கேட் அருவியின் அடியில் முடிகிறது. வழி தவறுவது கடினம், தண்ணீரும் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும். முகாமில் உணவு லாக்கரும் கழிப்பறையும் உண்டு. அவ்வளவு வசதியும் உள்ள இடத்தில் பழகிவிட்டு, அடுத்த முறை யங் லேக்ஸ் போன்ற வசதியில்லாத இடங்களுக்குப் போகலாம்.

துவாலமி மெடோஸுக்குப் போகும் டயோகா சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். பனி எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்து மே கடைசியிலோ ஜூனிலோ, சில ஆண்டுகள் இன்னும் தாமதமாகவோ திறக்கும். ஜூனில் உருகும் பனியால் ஆறு வெறிகொண்டு ஓடும். ஜூலையில் கொசு. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை வரும், அதனால் வழவழப்பான திறந்த பாறைப் பரப்புகளை மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். காட்டுத்தீப் புகை இருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் பாருங்கள். இலையுதிர் காலத்தில் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: பர்மிட்

காட்டுக்குள் இரவு தங்க ஆண்டு முழுவதும் வைல்டர்னஸ் பர்மிட் கட்டாயம். பூங்கா நுழைவுச் சீட்டு வேறு, இது வேறு. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. அதில் 60 சதவீத இடங்கள் பயண நாளுக்கு 24 வாரம் முன்பு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் வாராந்திரக் குலுக்கலில் போகும். மீதி 40 சதவீதம் பயணத்துக்குச் சரியாக 7 நாள் முன்பு, பசிஃபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். அந்த 7 மணிக்கு 6:55-க்கே உள்நுழைந்து, தேதியும் பாதையும் தேர்ந்து காத்திருங்கள். பிரபலமான பாதைகளில் இடங்கள் நிமிடக் கணக்கில் தீரும். சனிக்கிழமையை விட்டு ஞாயிறு அல்லது வாரநாளில் தொடங்கினால் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

பர்மிட்டில் எழுதிய தேதியில், எழுதிய பாதையில்தான் நுழைய வேண்டும். முன்பதிவு செய்தவர்கள் முந்தைய நாளோ, அன்று காலை 10 மணிக்குள்ளோ வைல்டர்னஸ் சென்டருக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். தாமதமானால் இடம் வேறொருவருக்குப் போய்விடலாம். பே ஏரியாவிலிருந்து காலையில் கிளம்பி 10 மணிக்குள் போய்ச் சேர்ந்து, அன்றே நடக்கும் திட்டம் காகிதத்தில்தான் அழகு. முந்தைய நாளே போய், பர்மிட் உள்ளவர்களுக்கென்றே இருக்கும் முகாம் பகுதியில் ஓர் இரவு தங்குங்கள். உங்கள் தேதியில் அது திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,600 மீட்டருக்கு வந்த உடம்புக்கு அந்த ஒரு இரவு ஓய்வு பெரிய உதவி. தலைவலி, குமட்டல் வந்தால் உயரத்தின் வேலை அது. தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள், கூடிக்கொண்டே போனால் கீழே இறங்கிவிடுங்கள்.

குழுவில் அதிகபட்சம் 15 பேர். உண்மையில் ஆறு பேருக்கு மேல் போனாலே சமையலும் கேனிஸ்டர் கணக்கும் கைமீறும்.

படி 3: கரடி கேனிஸ்டர்

யோசெமிட்டி காட்டுப்பகுதி முழுவதும் இது கட்டாயம். உணவை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது இங்கு விதிமீறல். கரடி கிளையை ஒடிக்கும், கயிற்றைக் கடிக்கும், குட்டியை ஏற்றி விடும். அர்சாக் போன்ற துணிப்பைகளும் இங்கே செல்லாது. ஏற்கப்பட்ட மாடல்களின் பட்டியல் பூங்காவின் இணையதளத்தில் இருக்கிறது. பர்மிட் தரும் அலுவலகத்திலேயே வாடகைக்கும் கிடைக்கும்.

கேனிஸ்டர் என்பது கைப்பிடியில்லாத, வழவழப்பான, உருளை வடிவக் கெட்டிப் பெட்டி. கரடியின் வாய்க்குள் அடங்காத அகலம், நகம் மாட்ட இடமில்லாத பரப்பு, அவ்வளவுதான் அதன் தந்திரம். பேர்வால்ட் பிவி450 மாடல் 7.2 லிட்டர் கொள்ளும். பிவி500 மாடல் 11.5 லிட்டர், வெறும் பெட்டியே 1.1 கிலோவுக்கு மேல். கார்சியா என்ற கறுப்புப் பெட்டியின் மூடியை நாணயத்தால் திருப்பித் திறக்க வேண்டும், ஆகவே சட்டைப்பையில் ஒரு குவார்ட்டர் (25 சென்ட் நாணயம்) இருக்கட்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கிராம் காய்ந்த உணவு, அதாவது நெருக்கி அடைத்தால் சுமார் 2 லிட்டர். இருவர் ஓர் இரவுக்கு 7.2 லிட்டர் பெட்டி போதும். நால்வருக்கு ஒரு பெரியதும் ஒரு சிறியதும் எடுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். சாப்பாட்டை மட்டும் கணக்கிட்டுவிட்டு, வாசனையுள்ள மற்ற பொருட்களை மறந்துவிடுகிறார்கள். இருட்டும்போது பெட்டிக்குள் இருக்க வேண்டியவை:

- சாப்பாடு, தின்பண்டம், காபிப்பொடி, பால்பவுடர், காலி உறைகள், குப்பை முழுவதும்
- பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, டியோடரண்ட், ஈரத்துடைப்பான்கள்
- தேங்காய் எண்ணெய், அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம், கொசு விரட்டிக் களிம்பு
- இருமல் மருந்து, வைட்டமின் மாத்திரை போன்ற வாசனை மருந்துகள்
- பயன்படுத்திய நாப்கின், டயப்பர் (இரட்டை ஜிப் பையில்)

முதல் நாள் மதிய உணவு வழியிலேயே வயிற்றுக்குள் போய்விடும், அதற்குப் பெட்டியில் இடம் வேண்டாம். ஆனால் அதன் காலி டப்பாவுக்கும் மீந்த சோற்றுக்கும் வேண்டும்.

வீட்டிலேயே ஒருமுறை முழுதாக அடைத்துப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அட்டைப்பெட்டிகளை எல்லாம் களைந்து ஜிப் பையில் மாற்றுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். மறுநாள் உணவு அடியில், அன்றைய இரவு உணவு மேலே. பற்பசை முதலியவற்றுக்கு உச்சியில் ஒரு கை அளவு இடம் காலியாக விடுங்கள். மூடி நனைந்தால் சில மாடல்களில் தண்ணீர் இறங்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உள்ளே இறக்குவது நல்லது.

மூடுவதற்கும் பழக்கம் வேண்டும். பேர்வால்ட் மூடியில் உள்ள பிடிப்புகள் முழுதாகத் தாண்டும்வரை திருக வேண்டும். பாதியில் விட்டால் பூட்டியதாகத் தோன்றும், கரடி ஒரு தட்டில் திறந்துவிடும். அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் இறுகி விரலால் அமுக்கித் திறக்க முடியாமல் போவது வழக்கமான தொல்லை. பிடிப்புக்கும் மூடிக்கும் நடுவே ஒரு பழைய கிரெடிட் கார்டைச் செருகிக்கொண்டு திருகினால் வந்துவிடும்.

படி 4: என்ன சமைப்பது

க்ளென் ஆலின் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே துவரம்பருப்பு எளிதில் வேகாது, எரிவாயுதான் வீணாகும். பச்சரிசிச் சோறும் நேரமெடுக்கும். கொதிநீர் ஊற்றி மூடி வைத்தாலே ஆகிற உணவுதான் சரி, நல்ல வேளையாகத் தமிழ்ச் சமையலறையில் அதற்குக் குறைவில்லை.

ரவையை வீட்டிலேயே நெய்யில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வறுத்து, உப்பும் சேர்த்து, ஆளுக்கு 100 கிராம் பொட்டலமாகக் கட்டுங்கள். முகாமில் 300 மில்லி கொதிநீரில் கொட்டிக் கிளறி 5 நிமிடம் மூடினால் உப்புமா தயார். உலர்ந்த அரிசி சேவை இன்னும் சுலபம்: கொதிநீரில் ஊறவிட்டு, வடிக்காத அளவுக்குத் தண்ணீரை அளந்து, பருப்புப்பொடியும் நெய்யும் கலந்தால் இரவு உணவு முடிந்தது. காலைக்கு அவல், வறுத்த வேர்க்கடலை, காய்ந்த திராட்சை. சப்பாத்தியை அடுக்கி வைத்தால் கேனிஸ்டரின் வட்டத்துக்குள் அளவெடுத்தது போல உட்காரும். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை கெடாது.

முறுக்கும் அப்பளமும் பாதிக்குமேல் காற்று, பெட்டியின் இடத்தை விழுங்கிவிடும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை ஆகியவை கையளவில் மூன்று மடங்கு சக்தி தரும். ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுவராதீர்கள். இரண்டு ஸ்பூன் போதும், அதுவும் இறுக்கமான திருகுமூடி டப்பாவில். பையில் கசிந்த எண்ணெயின் வாசனையை எந்த டிடர்ஜென்டும் முழுதாக எடுக்காது, அந்தப் பை அன்று இரவு கரடிக்கு ஊறுகாய்தான்.

அளவும் முக்கியம். மீந்த உணவைப் புதைக்கவோ ஆற்றில் கொட்டவோ தீயில் போடவோ கூடாது. புதைத்ததைத் தோண்டும், எரித்தது அரைகுறையாக எரிந்து இன்னும் அதிகம் மணக்கும். மீந்ததெல்லாம் முதுகில்தான் திரும்ப வரும். பசிக்குச் சற்றுக் குறைவாகச் சமைத்து, குறை பட்டால் கடலை மிட்டாய் தின்பது மேல்.

இருவருக்கு ஓர் இரவில் மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்தால் போதும். 100 கிராம் கேஸ் டப்பா ஒன்று அதற்குப் போதுமானது, பாத்திரத்துக்கு மூடி இருந்தால். குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதானால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும், எரிவாயு தீரும். ஆகவே கைவடிகட்டி கொண்டுபோங்கள். பளிங்குபோல் தெரிந்தாலும் ஆற்றுநீரை அப்படியே குடிக்காதீர்கள், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி உறைந்தால் உள்ளே வெடித்துப் பயனற்றுப்போகும், இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மற்ற சுமை

50–60 லிட்டர் பை, சிறு டென்ட், உறைநிலைக்குச் சற்றுக் கீழே தாங்கும் ஸ்லீப்பிங் பேக், தரைக்குளிரைத் தடுக்கும் பாய், மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழை உடை, தலைவிளக்கு, முதலுதவி, காகித வரைபடம், விசில். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. செப்டம்பரிலும் இரவு உறைநிலையைத் தொடும். பாதையில் செல்பேசி சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

பையின் அடியில் ஸ்லீப்பிங் பேக், அதன் மேல் நட்டநடுவில், முதுகை ஒட்டிக் கேனிஸ்டர், சுற்றிலும் துணிகள். கேனிஸ்டரை வெளியே தொங்கவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இழுக்கும். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள்.

கரடி ஸ்பிரே வேண்டாம். மொன்டானாவின் க்ளேசியரிலும் வயோமிங்கின் யெல்லோஸ்டோனிலும் கிரிஸ்லி இருப்பதால் அது உயிர்காப்பு. யோசெமிட்டியில் அதைக் கொண்டுவருவதற்கே தடை.

படி 6: காரைக் காலி செய்வது

காட்டுக்குள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கரடி காரை உடைத்தால் பயணம் அங்கேயே முடிந்தது. இருட்டிய பின் காரில் உணவோ வாசனைப் பொருளோ இருக்கக் கூடாது, டிக்கியிலும்கூடாது. கதவின் மேல்விளிம்பை நகத்தால் பிடித்து அட்டைபோல் மடக்கிவிடும். பாதை தொடங்கும் இடத்திலுள்ள இரும்பு லாக்கரில் மிச்சத்தை வைத்து, பெயரும் திரும்பும் தேதியும் எழுதி ஒட்டி, தாழ்ப்பாள் மாட்டியதா என்று இழுத்துப் பாருங்கள்.

குழந்தைகளோடு பயணிப்பவர்கள் கார் சீட்டைக் கழற்றி உதறுங்கள். பிஸ்கட் துகள், காய்ந்த பால், ஜூஸ் கறை எல்லாம் அதில்தான். கண்ணாடிக்கு முன் தொங்கும் வாசனை அட்டை, கதவுப் பையிலுள்ள சூயிங்கம், திறக்காத சோடா கேன், தீபாராதனைக்கு வாங்கிய தேங்காய், எதுவும் விதிவிலக்கல்ல. கேன்களின் உருவத்தைப் பார்த்தே கரடி அடையாளம் கண்டுகொள்ளும்.

படி 7: முகாம்

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடியாவது தள்ளி, ஏற்கெனவே டென்ட் போட்டுத் தேய்ந்த மண்ணில் போடுங்கள், புல்லில் வேண்டாம். மக்கள் வசிக்கும் துவாலமி மெடோஸ் போன்ற பகுதிகளிலிருந்து நான்கு மைலுக்குள் தங்கக் கூடாது என்பது விதி. நடுவழியில் களைத்து உட்கார்ந்துவிட்டால் இது நினைவிருக்கட்டும். அருவிக்கு மேலே ஆற்றில் இறங்காதீர்கள். இந்த மலையில் கரடியைவிட ஆறுதான் ஆபத்து.

டென்ட்டிலிருந்து முப்பது நாற்பது தப்படி தள்ளிச் சமையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடியுங்கள். ஒரு பொருளை எடுத்ததும் பெட்டியை மூடுங்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே பகலில் வந்து பொட்டலத்தைத் தூக்கிய கரடிகள் உண்டு. பாத்திரத்தைத் துடைத்த துணுக்குகள் குப்பைப் பைக்கு, கழுவிய தண்ணீரை ஆற்றிலிருந்து 100 அடி தள்ளி வீசி ஊற்றுங்கள். சோப்பு ஆற்றுக்குள் போகக் கூடாது.

பிறகு கேனிஸ்டரை டென்ட்டிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி, சமதரையில் வையுங்கள். கயிறு கட்டாதீர்கள், பைக்குள் வைக்காதீர்கள், இரண்டும் கரடிக்குக் கைப்பிடியாகிவிடும். பாறை விளிம்பிலோ ஆற்றோரத்திலோ வைக்கவே வேண்டாம். பெட்டியைச் சரிவில் உருட்டிவிட்டு உடைத்த கரடிகள் யோசெமிட்டியிலேயே இருந்திருக்கின்றன. பெட்டியில் ஒளிரும் டேப் ஒட்டியிருந்தால் காலையில் தேடுவது எளிது. க்ளென் ஆலினில் லாக்கர் இருந்தாலும் கேனிஸ்டர் இல்லாமல் போக முடியாது, பெட்டியை லாக்கருக்குள் வைப்பது இரட்டைப் பாதுகாப்பு. காலிப் பையின் ஜிப்களைத் திறந்தே விடுங்கள்; முகர வந்த கரடி கிழிக்காமல் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

படுக்குமுன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். எல்லோர் பையிலும் ஒரு மிட்டாயாவது அகப்படும். குழந்தைகளிடம் இருமுறை கேளுங்கள்.

படி 8: கரடி வந்தால்

பாதையில் தூரத்தில் கண்டால் நின்று, குறைந்தது 50 கஜ இடைவெளி விட்டுப் பாருங்கள், படத்துக்காக நெருங்காதீர்கள். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். ஓடக்கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விலங்கிடமிருந்து ஓடித் தப்ப முடியாது, ஓடினால் துரத்தத் தோன்றும்.

முகாமுக்குள் வந்தால் அப்போது அடக்கம் வேண்டாம். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, முடிந்த அளவு கத்துங்கள். பாத்திரத்தைத் தட்டுங்கள். தப்பிக்க வழி விட்டு நில்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். தயங்கிய குரலில் ஒருமுறை கத்திவிட்டு நிறுத்தினால் அது காத்திருக்கும். கண்ணிலிருந்து மறையும்வரை விடாதீர்கள். உணவை எடுத்துவிட்டதானால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். மிக மிக அபூர்வமாகக் கருங்கரடி தாக்கினால் செத்ததுபோல் படுக்காமல், கையில் கிடைத்ததை வைத்து முகத்தில் அடித்துப் போராடுங்கள்.

வந்த கரடியைப் பற்றி, அது எதையும் எடுக்காவிட்டாலும், திரும்பியதும் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்: எந்த முகாம், எத்தனை மணி, காதில் அடையாள வில்லை இருந்ததா. அடுத்த குழுவை எச்சரிக்கவும் அந்தக் கரடியைத் திருத்தவும் அவர்களுக்கு அந்தத் தகவல்தான் வேண்டும்.

படி 9: திரும்புதல்

மறுநாள் ஏற்றம் காத்திருக்கிறது, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். கழிப்பறையில்லாத இடத்தில் மலத்தை ஆறு அங்குல ஆழக் குழியில், தண்ணீரிலிருந்து 100 அடி தள்ளிப் புதைத்து, காகிதத்தைக் கையோடு எடுத்துவாருங்கள். முகாமிட்ட இடத்தைக் குனிந்து ஒருமுறை சுற்றுங்கள். சிந்திய அவலும் கடலைத் தோலும் கண்ணில் படும், பொறுக்கிக் குப்பைப் பையில் போடுங்கள். மேலே வந்ததும் லாக்கரில் வைத்ததை எடுத்து, கரடி திறக்க முடியாத மூடியுள்ள தொட்டியில் குப்பையைக் கொட்டி, வாடகைக் கேனிஸ்டரைத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். டயோகா சாலையில் வேக வரம்பைத் தாண்டாதீர்கள், அந்தி வேளையில் கரடிகள் அதைக் கடக்கும்.